என்டர் அடிக்காமல் இருப்பது

பீப் வந்துவிட்டது. எஸ் கீ, பிறகு என்டர். இனிமேல் சும்மா இருக்க வேண்டும், எனக்கு வராதது அது ஒன்றுதான். பென்டிரைவைத் தொட்டுப் பார்க்கிறேன், சூடாகிறது, உள்ளே ஃபேன் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுத் தணிகிறது, அதாவது வேலை நடக்கிறது, அதாவது நான் ஒன்றும் செய்யக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் சாப்பாட்டுக்கு நின்றிருக்கின்றன. குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் இந்த நேரத்துக்கு மட்டும்தான் காது என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும். தறி ஓடினால் சுவர் பேசும், மேஜை பேசும், தண்ணீர்க் குடத்து மூடிகூடப் பேசும், மனுஷன் பேசுவது மட்டும் கேட்காது. அதனால் இப்போதே, தறி திரும்ப ஓட ஆரம்பிப்பதற்குள், இந்தக் கம்ப்யூட்டருக்கு வாய் வர வேண்டும். பழைய டிஸ்க் போன வாரம் செத்துப்போனது. கடைக்காரப் பையன் புது டிஸ்க் போட்டுவிட்டு, நல்ல பொம்பளக் குரலா ஒண்ணு இருக்குது, அப்படியே அக்கா பேசற மாதிரி இருக்கும், போட்டுத் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கம்ப்யூட்டரை வெறும் டப்பாவாகவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு எந்த அக்காவும் வேண்டாம். எனக்கு அந்தத் தகரக் குரல்தான் வேண்டும், மூக்கால் பேசும், மூச்சே விடாது, கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே ராகம் போடும், அந்தக் குரல். ஈரோட்டில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்து சீனியர் அண்ணன் அந்தக் குரலோடு வரும் சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். பீப் கேட்டதும் எஸ், என்டர், அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உட்காரு, உனக்கு அது ஒண்ணுதான்டா கஷ்டம் என்றார். கஷ்டம்தான்.

விஷயம் இதுதான். இந்தச் சிஸ்டத்துக்கு என் டப்பாவில் எந்த வழியாகச் சத்தம் வெளியே வரும் என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வழியிலும் போய் நின்று, நான் பேசுறது கேட்டா என்டர் அடி, என்று சொல்லிப் பார்க்கும். அடிக்கவில்லை என்றால் அடுத்த வழிக்குப் போய்விடும், சுற்றிச் சுற்றி வரும். என் டப்பாவில் வழி இரண்டு. ஒன்று ஸ்பீக்கர். இன்னொன்று மானிட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர். எங்கள் வீட்டில் மானிட்டரே கிடையாது. கண் தெரியாதவனுக்கு எதற்கு அது, மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது, எடைக்குப் போடச் சொல்லிவிட்டேன். ஆனால் டப்பாவுக்கு அது தெரியாது. மானிட்டர் இருக்கிறது என்று நம்பி அந்த வழியில்தான் முதலில் போய்ப் பேசும். அங்கே அது பேசிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்றும் கேட்காது, நான் அடிக்கக் கூடாது. காலையில் முதல் தடவை அடித்துவிட்டேன். கேட்கவில்லையே, நின்றுபோச்சோ, தட்டிவிடலாம் என்று ஒரே அடி. அவ்வளவுதான். சரி, இங்கேயே இருக்கேன் என்று அது மானிட்டர் வழியில் குடியேறிவிட்டது. அப்புறம் எத்தனை கேள்வி கேட்டதோ, எந்த மொழி, எந்த ஊர் என்று யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததோ. இல்லாத ஒன்றின் வழியாக, இல்லாத ஒரு ஆளிடம், பொறுமையாக. உடனே ஆஃப் செய்யக்கூட மனசு வரவில்லை. கேட்காத இடத்தில் அவள் பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. அவள் என்று ஏன் சொன்னேன். சொல்லிவிட்டேன், போகட்டும்.

ரெமிளா. இந்தப் பெயரை நான் டைப் அடித்திருக்கிறேன், தகரக் குரல் படித்துக் கேட்டிருக்கிறேன், எழுத்தெழுத்தாகவும் கேட்டிருக்கிறேன். கண் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் என்றால் எல்லாரும் தடவித் தடவிச் சாதுவாகப் படித்துக்கொண்டிருப்போம் என்று வெளியே நினைப்பார்கள். கம்ப்யூட்டர் லேப்புக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். பத்து மிஷின், ஹெட்போன் எல்லாம் பிய்ந்து போனவை, எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பேசும், அதில் அவனவன் மிஷினை அவனவன் பிரித்துக் கேட்பான். குரலோட வேகத்தை யார் எவ்வளவு ஏற்றிக் கேட்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குள் பந்தயம். சாருக்குப் பார்வை உண்டு, அதனாலேயே காது மந்தம், கொஞ்சம் வேகம் ஏற்றினாலே அவருக்குப் புரியாது, என்னடா மிளகாய் அரைக்கிற மாதிரி ஓடுது என்பார். மற்ற பையன்கள் ஒரு அளவு வரை வருவார்கள். அதற்கு மேலே போனால் ரெண்டே பேர். நான், பொண்ணுங்க வரிசையில் கடைசி மிஷின். அந்தக் கடைசி மிஷின் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து பயங்கர வேகத்தில் ஒரு வரி வந்தது, பாடம் மாதிரி இல்லை. ‘அஞ்சாவது மிஷின், என்டர் கீயை ஏன் இப்பிடிக் குத்துற, அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?’ அஞ்சாவது மிஷின் நான். முகமெல்லாம் சூடாகிவிட்டது. நோட்பேடைத் திறந்து, உன் காதை உன் மிஷினில் வை என்று அடித்து, வேகத்தைக் கடைசி வரை ஏற்றி, படிக்க வைத்தேன். சிரித்தது. வாயால் சிரிக்கவில்லை, சிரிப்பை டைப் அடித்து அந்தக் குரல் அதைப் படித்தது, ஹாஹாஹாஹா என்று மூச்சு விடாமல். இத்தனை பேர் நடுவில், சார் தலைக்கு மேலே, அப்படித்தான் பேசினோம், ரெண்டு வருஷம். என்னென்னவோ பேசினோம். அவள் ஊர்க் கடலைப் பற்றி, அங்கே ராத்திரி போட் இன்ஜின் சத்தத்திலேயே யார் வீட்டுப் போட் என்று சொல்லிவிடுவாளாம். தறியைப் பற்றி நான். அதில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் சொன்னேன். நீ, டீ, டா, லூசு, எல்லாம் அந்தத் தகரக் குரலில்தான். பக்கத்தில் நின்று பேசியதே கிடையாது, பொண்ணுங்க வரிசை வேறு, போகும் வழி வேறு. அதனால் எனக்கு அவள் குரல் என்றால் அதுதான். அது எல்லா மிஷினிலும் இருக்கும் குரல், என் மிஷினிலும் அதே குரல்தான், எனக்குத் தெரியும், நான் பைத்தியம் இல்லை. ஆனால் காதுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது.

அப்புறம் பள்ளிக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன், பதினொன்றாவது பாதியில். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லி அலுத்துவிட்டது. பிடிக்கவில்லை. அவ்வளவுதான். மனப்பாடம் பண்ணு, ஒப்பி, நாளைக்கு எங்கேயாவது போன் எடுக்கிற வேலைக்குப் போ. வெளியிலிருந்து வருகிறவர்கள் தலையைத் தடவிவிட்டு பிஸ்கட் கொடுப்பார்கள், பதினாறு வயசில். பிடிக்கவில்லை. அவளைப் பிடித்திருந்தது, பள்ளிக்கூடத்தைப் பிடிக்கவில்லை, ரெண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தது, நான் என்ன செய்ய. கிளம்பும் நாளில் லேப் இல்லை, அவளிடம் சொல்லவே இல்லை. போன வெள்ளிக்கிழமை ரெமிளா வார்டன் மேடம் போனில் இருந்து கூப்பிட்டாள். இந்தப் பக்கம் அப்பாவின் போனைப் பிடித்துக்கொண்டு அம்மா, அந்தப் பக்கம் வார்டன். நல்லா இருக்கீங்களா என்றாள். நீங்க! யாரோ ஒரு பொண்ணு, தொண்டை கட்டின மாதிரி, மெதுவாக, ரொம்ப மெதுவாக. ம் என்றேன். சாப்பிட்டீங்களா. ம். நான் என்ன பேசுவேன், அது அவளே இல்லை. வைக்கப்போகும்போதுதான் குரலைக் கொஞ்சம் இறக்கி, ‘இப்படி எனக்குப் பேச வரல. திங்கக்கிழமை மூணு மணிக்கு லேப் உண்டு, அதோட முடிஞ்சுது. நம்ம குரல்ல வா,’ என்றாள். திங்கள் இன்றைக்கு. நாளைக்கு அவள் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விடுவாள், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது, போன் அவள் அண்ணனுடையது, கடலுக்கு அவனோடு போய்விடும். இன்றைக்கு மூணு மணிக்கு நான் அந்த லேப்புக்கு இங்கிருந்து நெட்டில் போகவில்லை என்றால் அந்தக் குரலில் அவள் இனிமேல் கிடையாது. தொண்டை கட்டின அந்தப் பொண்ணு மட்டும்தான் மிச்சம். எனக்கு அந்தப் பொண்ணைத் தெரியாது.

இன்னும் வரவில்லை. விரல் என்டர் மேலேயே இருக்கிறது, எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். பட்டறைச் சுவரோரம் தறிக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், டிபன் பாக்ஸ் மூடி விழுகிறது, யாரோ ஊறுகாய் கேட்கிறார்கள், காக்கா. எனக்கு இன்னொரு பயம் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. குரல் வரும், வந்து, அந்த வேகத்துக்கு ஏற்றினால் எனக்கே புரியாமல் போய்விட்டால். எட்டு மாதமாகத் தறிக்குப் பக்கத்தில் கிடக்கிறேன். அப்பாவுக்குக் காது போனது தறியால்தான், இடது காது சுத்தம், வலது காதில் பாதி. எனக்குக் காதும் போனால் நான் எங்கே இருப்பேன். ராத்திரி படுத்துக்கொண்டு கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன், கேட்கும், காலையில் திரும்பப் பார்ப்பேன். அட, இதோ. இதோ. கிர்ரென்று ஸ்பீக்கரில் ஒரு கீறல், அப்புறம் அந்தக் குரல். இங்கிலீஷில் ஏதோ சொல்கிறது, சவுண்ட் கார்டு, என்டர், மெதுவாக, கைக்குழந்தைக்குச் சொல்வது மாதிரி, ஆனால் அதே மூக்கு, அதே தகரம், வரி முடியும் இடத்தில் அதே போல் ஒரு இறக்கம். லேப் வாசனை வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது, ஈரப் பாயும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை, பக்கத்து வரிசையில் வளையல் கீபோர்டில் இடிக்கிற சத்தம், ஒரு நாற்காலிக் கால் இழுபடுகிறது. வந்துட்டியா என்று நான்தான் கேட்டேனோ அது கேட்டதோ. நின்றுவிட்டது. திரும்பவும் அமைதி. அடிக்கவே இல்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். காலையில் பொறுக்காமல் அடித்தேன், இப்போது கேட்டுக்கொண்டே கோட்டை விட்டேன். அது மானிட்டர் வழிக்குத் திரும்பப் போயிருக்கும். இப்போது அடிக்கக் கூடாது. இப்போது அடித்தால் பழையபடிதான். அடிக்காதே, அடிக்காதே.

அப்பா வந்துவிட்டார். மிஷின் எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த அந்த வாசனை முதலில் வரும், அப்புறம்தான் ஆள். பட்டறையில் யாரும் வாயால் பேச மாட்டார்கள், எல்லாம் கையாலும் உதட்டாலும்தான், அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கு வந்தும் என்னிடம் கையைத்தான் ஆட்டுவார். முகத்தில் காற்று படும், ஏதோ கேட்கிறார் என்று தெரியும், என்ன என்று தெரியாது. நான் முனகினால் அவருக்குக் கேட்காது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இந்த ஏற்பாடு ரெண்டு பேருக்குமே வசதியாகத்தான் இருக்கிறது. இப்போது காற்று பட்டது. பிறகு தலையில் அடித்துக்கொண்டிருப்பார் போல, வாயைத் திறந்து, இன்னும் பேசுலயா என்றார். இல்லை என்று தலையை ஆட்டினேன். குனிந்தார், மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் வந்தது, மேஜையில் ரெண்டு பக்கமும் கையால் துழாவினார். ‘எதையடா பாக்கறது?’ என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பார்க்கிறவருக்கும் பார்க்க ஒன்றுமில்லை. எனக்கும் வந்திருக்கும், ஆனால் குரல் எந்த நிமிஷமும் திரும்பி வரும், இவர் தட்டை எடுக்கிறார், குழம்புச் சட்டியில் கரண்டியைப் போட்டு இடிக்கிறார், அவருக்குக் கேட்காது, அதனால் ஊருக்கே கேட்கிற மாதிரி இடிக்கிறார். எழுந்து போய்க் கையைப் பிடித்தேன். நின்றார். அவர் மணிக்கட்டு என் கையில், என்னை விடச் சின்ன மணிக்கட்டு, எப்போது இவ்வளவு சின்னதானது. தறிச் சத்தம் இல்லாமல், சட்டி இல்லாமல், ரெண்டு பேரும் அப்படியே நின்றோம். அந்த அமைதிக்குள் அது எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறது, இல்லாத மானிட்டரில், கேட்டால் அடி, கேட்டால் அடி என்று. கேட்கல, ரெமிளா. பொறு. இந்தப் பக்கம் வா.

கீறல். குரல். அவர் கையை விட்டுவிட்டு ஓடினேன், முட்டி நாற்காலியில் இடித்தது, அடித்தேன், ஒரே ஒரு தடவை. அது நிற்கவில்லை. போகவில்லை. இங்கேயே இருந்தது. எந்த மொழி என்று கேட்டது, வரிசையாக மொழிகளைச் சொல்ல ஆரம்பித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அப்பா பின்னால் நின்று, வந்துருச்சாட்ட இருக்குது என்றார், எப்படித் தெரிந்ததோ, என் முதுகைப் பார்த்துத் தெரிந்திருக்கும். அம்மா வேலைக்குப் போயிருந்ததால் அவரே சோறு போட்டுச் சாப்பிட்டார், எனக்கும் ஒரு தட்டு வைத்தார், நான் தொடவில்லை. இன்னொன்று பாக்கி இருக்கிறது. நெட்டுக்குப் போன் வேண்டும், வீட்டில் இருப்பது ஒரே போன், அவர் சட்டைப் பையில். கை கழுவும் சத்தம். செருப்பைத் தேடும் சத்தம். இப்போது கேட்கவில்லை என்றால் போன் பட்டறைக்குப் போய்விடும்.

போன் வேணும்ங்ப்பா என்றேன். என்ன என்றார். சத்தமாகச் சொன்னேன். எதுக்கு என்றார். எதுக்கு என்று ஒரு பதில் காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தேன். வேலைக்கு ஒரு பயிற்சி இருக்கிறது, அந்த அண்ணன் சொன்னார், அதற்கு ஆன்லைனில் பதிய வேண்டும், இன்றைக்குக் கடைசி என்று. நல்ல பொய். ஆரம்பித்தேன். என்ன என்றார். முதலில் இருந்து ஆரம்பித்தேன், கொஞ்சம் கத்தி. வலது காதை என் பக்கம் திருப்புகிறார் என்று அவர் மூச்சு நகர்வதில் தெரிந்தது, என்ன சொல்றே ஒண்ணும் வெளங்குல என்றார். அப்போதுதான் தெரிந்தது, பொய்க்கு நீளம் வேண்டும். நீளமாகப் போனால் அப்பா காதுக்குள் ஏறாது. அவருக்கு ரெண்டு மூணு வார்த்தைதான் ஏறும், அந்த அளவுக்கு என்னிடம் உண்மைதான் இருந்தது. ரெண்டு வருஷம், இருபது காது இருக்கும் ஒரு அறையில் யாருக்கும் புரியாமல் பேசினோம். வேகத்தை ஏற்றி ஏற்றி ஒளித்து வைத்தோம். எழுந்து நின்றேன்.

‘ஒரு புள்ளகிட்டப் பேசோணும்.’

‘ஆருகிட்ட?’

‘ரெமிளாகிட்டங்ப்பா.’

‘ஆரு?’

‘ரெமிளா.’ தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன். ‘ரெமிளா.’

சுவருக்கு அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் சத்தம் எல்லாம் நின்றது. தறி நின்றிருக்கும் நேரம், ஊசி விழுந்தாலும் கேட்கும். அப்புறம் ஒருத்தர் அப்பாவைக் கூப்பிட்டு, ஏனுங்க மாரப்பண்ணா, சம்பந்தி எந்த ஊருங்க என்று கேட்டார், அவர்கள் சிரிப்பு ஓட்டு மேல் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. கேட்டதோ என்னவோ. முகத்தில் காற்றும் படவில்லை, கையை ஆட்டவில்லை. அப்புறம் மேஜையில் கீபோர்டுக்குப் பக்கத்தில் போன் வைக்கப்பட்டது, மெதுவாக, சத்தம் வராமல்.

‘கேக்குது,’ என்றார். ‘எதுக்கு இப்பிடிக் கத்தறே.’

சார்ஜ் கம்மியாக இருக்கிறது, பார்த்துக்கொள் என்று வாசலில் இருந்து சொன்னார். செருப்புச் சத்தம் போனது. ஒரு தறி ஆரம்பித்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் எல்லாம், மேஜை நடுங்கத் தொடங்கியது. ஸ்பீக்கரைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டேன். மொழி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அது எனக்காகக் காத்திருக்கிறது. அடிக்க வேண்டும், தமிழ், அப்புறம் ஊர், அப்புறம் ஆயிரம் கேள்வி, வேகத்தை ஏற்ற வேண்டும், மூணு மணிக்குள் எல்லாம். அடிக்கிறேன், அடிக்கத்தான் போகிறேன். தொண்டை எரிகிறது. அந்தப் பெயரை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. டைப் அடிக்கும்போது அதில் நாக்கு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. கடைசி எழுத்தில் மடங்கி உள்ளே போகிறது. அவளும் இப்படித்தானே அந்த வார்டன் பக்கத்தில் நின்றுகொண்டு, வராத குரலை வைத்துக்கொண்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருப்பாள். நான் ம் என்றேன். தறி ஓடுகிறது, இப்போது யாருக்கும் கேட்காது. மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். ரெமிளா. எனக்கே கேட்கவில்லை, ஆனால் மார்புக்குள் அதிர்ந்தது.